ஐஸ் பார் மேல் ஏறிய வண்டி

போன வாரம் சமையலறை மேடையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஓய்வு பெற்ற மனிதனுக்கு வீட்டில் கிடைக்கும் பதவி உயர்வு அந்த வெங்காயம்தான். பேசியது கீர்த்தனா. நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது எஞ்சினியர். திருநெல்வேலிப் பெண். நான் வெளியே வந்த பிறகு உள்ளே வந்தவள் என்பதால் முகம் பார்த்ததில்லை.

"சார், ஒரு சந்தேகம். ஸ்னோ ஸ்கூட்டர் செக்‌ஷன்ல நாலு இரும்புத் தகடு கெடக்கு. ரெண்டு ரெண்டா அடுக்கி நடுவுல கிரீஸ் தடவி வச்சிருக்காவ. அதைப் போய் எல்லாரும் 'பரஃப்'ங்காங்க. இந்தியில பரஃப்னா பனிதானே? கிரீஸ் தகட்டுக்கு எதுக்கு சார் அந்தப் பேரு? யாரைக் கேட்டாலும் முழிக்காவ. உங்களக் கேக்கச் சொன்னாங்க."

"இப்ப எதுக்கு அது?"

"பழைய வண்டி ஒண்ணு வந்திருக்கு சார். நேராப் போக மாட்டேங்குன்னு கம்ப்ளைண்டு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது. நான் ஆரம்பித்ததும் என் மனைவி சரோஜா என் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ ஆரம்பிச்சா இன்னிக்கி முடிக்க மாட்டே. அந்தப் பொண்ணுக்கு வேலை வெட்டி இல்லையா? எழுதிக் குடு, நிதானமா படிக்கட்டும்" என்றாள். ஆகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படி கீர்த்தனா. தகட்டுக்கு வருவதற்கு முன் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கிறது.

எங்கள் குடும்பம் வாணியம்பாடிப் பக்கம். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து புனேவுக்கு வந்தார். நான் பிறந்தது, படித்தது, ஐ.டி.ஐ. முடித்தது எல்லாம் இங்கேதான். போசரியில் ஒரு சின்னப் பட்டறையில் விரல்களைக் காப்பாற்றிக்கொண்டு கொஞ்ச காலம் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டினேன். பிறகு ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டராக எடுத்தார்கள். அதன் பேர் வேண்டாம். ஜீப், டிரக், டிரெய்லர் என்று போய்க்கொண்டிருந்த என்னை ஒரு நாள் பனியில் ஓடும் வண்டிகளின் பிரிவில் தூக்கிப் போட்டார்கள். அதுவரை நான் பார்த்திருந்த பனி, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் அறையில் படிவது மட்டும்தான்.

ஸ்னோ ஸ்கூட்டரை எல்லாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில், சீட்டு. முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு நீளமான சறுக்குப் பட்டைகள். அவற்றை ஸ்கீ என்பார்கள். ஹேண்டிலைத் திருப்பினால் ஸ்கீகள் திரும்பும். பின்னால் ஓர் அகலமான ரப்பர் பெல்ட் சுற்றி வண்டியைத் தள்ளும். மலை உச்சியில் நோயாளிகளையும் சாமான்களையும் சறுக்குப் படுக்கையில் கட்டி இழுத்து வர இதை விட்டால் வேறு வண்டி இல்லை. எங்களிடம் வந்தவை எல்லாம் வெளிநாட்டிலிருந்து எப்போதோ வாங்கிய பழைய வண்டிகள். இருமி இருமிக் கிளம்பும். கிளம்பிவிட்டால் நல்ல பிள்ளைகள்.

அந்தப் பிரிவுக்குத் தலைவர் பரஞ்ச்பே சாஹேப். ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் நாலாக மடித்த கைக்குட்டை. வண்டி வேலை முடிந்தது என்று சொன்னால் முதலில் கைக்குட்டையால் சீட்டைத் துடைப்பார். ஏறி உட்காருவார். கண்ணை மூடிக்கொண்டு ஹேண்டிலை இரண்டு விரலால் இப்படியும் அப்படியும் அசைப்பார். அரை நிமிடம் எங்களுக்கு மூச்சு ஓடாது. பிறகு கண்ணைத் திறந்து, "பகூ" என்பார். மராத்தியில் 'பார்க்கலாம்' என்று அர்த்தம். அப்படிச் சொன்னால் மறுபடியும் பிரிக்க வேண்டும். நன்றாக இருந்தால் "சாலேல்" என்பார். 'பரவாயில்லை, ஓடும்' என்று அர்த்தம். அதற்கு மேல் அவர் யாரையும் எதையும் பாராட்டி நான் கேட்டதில்லை. கத்தவும் மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். தினமும் 'நீ' என்று கூப்பிடுகிற மனிதர் திடீரென்று 'நீங்கள்' என்று ஆரம்பித்தால், பட்டறையே கருவியைக் கீழே வைத்துவிட்டு நிற்கும்.

அவர் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வண்டியின் ஸ்டீரிங்கையும் பிரேக்கையும் எவன் முறுக்கினானோ, அவன்தான் முதல் ஓட்டத்தில் டிரைவர் பக்கத்தில் உட்கார வேண்டும். நான் ஜீப் ஒன்றுக்கு ஸ்டீரிங் பெட்டி மாற்றிய புதிதில், காத்ரஜ் மலைப் பாதையில் என்னை உட்காரவைத்து இறக்கினார். டிரைவர் வேண்டுமென்றே விசிலடித்துக்கொண்டு ஓட்டினான். ஒவ்வொரு வளைவிலும் நான் போட்ட போல்ட்டுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கீழே இறங்கியதும் வடாபாவ் வாங்கிக் கொடுத்தார்கள். உள்ளே இறங்கவில்லை. அன்றைக்குப் பிறகு என் கையிலிருந்து அரைகுறையாக ஒரு நட் வெளியே போனதில்லை.

இப்போது அந்த வண்டியின் கதைக்கு வருகிறேன்.

ஒரு மே மாதம், லடாக்கிலிருந்து பழைய ஸ்னோ ஸ்கூட்டர் ஒன்று லாரியில் வந்தது. கூடவே அதன் டிரைவரையும் ரயிலேற்றி அனுப்பியிருந்தார்கள். அப்படி ஆளை அனுப்புவது வழக்கமில்லை. பெயர் நம்கியால். அந்த ஊர்க்காரன்தான். நடக்கக் கற்றதிலிருந்து பனியில் இருப்பவன். மூச்சு முட்டிப்போன ஒரு ஜவானைச் சறுக்குப் படுக்கையில் கட்டி இழுத்து வரும்போது, ஒரு பக்கவாட்டுச் சரிவில் வண்டி சட்டென்று இடது பக்கம் இழுத்திருக்கிறது. படுக்கை கவிழ்ந்து நோயாளியின் கால் முறிந்துவிட்டது. உயிர் தப்பியது. விசாரணை வைத்தார்கள். தப்பு வண்டியிலா, ஓட்டியவனிடமா? அதைச் சொல்ல வேண்டியது எங்கள் பட்டறை. வண்டி சரியாக இருக்கிறது என்று நாங்கள் எழுதினால், நம்கியால் இனிமேல் வண்டி ஓட்ட முடியாது.

புனே வெயில் அவனைப் படுத்திய பாட்டைச் சொல்லி முடியாது. வண்டி கழுவும் குழாயடியில் பாதி நாள் உட்கார்ந்திருப்பான். நாங்கள் பேசியதெல்லாம் இந்திதான். படிக்கிறவர்களுக்காகத் தமிழில் தருகிறேன். கைத்தொழில் தெரிந்தவனை அவர்கள் உஸ்தாத் என்பார்கள்; முதல் நாளே என்னைக் கேட்டான். "உஸ்தாத், நீங்க பனியைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லை."

"இங்க யாராவது?"

நான் சுற்றிலும் பார்த்தேன். "சாஹேப் ஒருதடவை மணாலி போயிருக்கார். ஹனிமூனுக்கு."

அவன் சிரிக்கவில்லை. வண்டியின் சீட்டைத் தடவிக்கொண்டே, "எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும் உஸ்தாத். என் கையா, வண்டியா? என் கைன்னாலும் சொல்லிடுங்க. தெரியாம இருக்கறதுதான் தூங்க விட மாட்டேங்குது" என்றான். அப்போது எனக்கு அவன் மேல் வந்த பாசம் இன்னும் போகவில்லை.

வண்டியை முழுக்கப் பிரித்தோம். பழைய வண்டி, அதனால் தேய்மானம் இருந்தது. ஸ்கீயை ஹேண்டிலோடு இணைக்கும் கம்பிகளின் மூட்டுகளில் ஆட்டம். ஸ்கீ உட்காரும் புஷ் வளையங்கள் நீள்வட்டமாகிவிட்டன. ஸ்கீக்கு அடியில் பனியைக் கடித்துப் பிடிக்க ஒரு கடினமான கம்பி ஓடும்; அது மழுங்கியிருந்தது. எல்லாவற்றையும் புதிதாகப் போட்டோம். முன் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தன, இறுக்கினோம். ரப்பர் பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது, நடுவுக்குக் கொண்டுவந்தோம். கடைசியில் ஸ்கீகளின் நேர்ப்பாட்டை அளந்தோம். இரண்டு ஸ்கீகளின் முன் நுனிகளுக்கு நடுவே உள்ள தூரம், பின் நுனிகளுக்கு நடுவே உள்ளதைவிட ஒரு மயிரிழை அதிகமாக இருக்க வேண்டும். முன்பக்கம் விரிந்திருந்தால் வண்டி அமைதியாகப் போகும். உள்பக்கம் குறுகினால், ஒவ்வொரு பழைய தடத்திலும் மூக்கை நுழைத்து இழுக்கும். அளந்தால், அளவு கச்சிதமாக இருந்தது. பிரிப்பதற்கு முன்பு அளந்தபோதும் கச்சிதமாகத்தான் இருந்தது. ஏனென்றால் இரண்டு வருடங்களுக்கு முன் அதே வண்டியை அளந்து அனுப்பியதும் நாங்கள்தான்.

சாஹேப் ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். இரண்டு விரல்.

"பகூ" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எல்லாம் புதுசு, எல்லாம் அளவு. இன்னும் என்ன பார்க்க? கூட வேலை செய்த பழனி, அவனும் எங்கள் பக்கத்து ஆள்தான், என்னை 'ஏகா' என்றுதான் கூப்பிடுவான், தமிழில் முணுமுணுத்தான். "இன்னா ஏகா இது? கெயவனுக்கு இன்னிக்கி டிபன்ல உப்பு கம்மியாயிருக்கும்."

சாஹேப் இறங்காமல் நம்கியாலைக் கூப்பிட்டார். "இங்கே ஹேண்டில் நேராக இருக்கிறது. அங்கே இழுக்கிறது. என்ன வித்தியாசம்?"

நம்கியால் ஸ்கீயைக் காட்டினான். "சாப், இங்க நீங்க வண்டியைத் தூக்கி வெச்சு அளக்கறீங்க. ஸ்கீ அந்தரத்துல தொங்குது. அங்க அது பனி மேல உக்காரும். மேல நான் உக்காருவேன். பின்னால நோயாளி இருப்பான்."

நாங்கள் ஜீப்பும் டிரக்கும் பார்த்து வளர்ந்தவர்கள். எதை அளப்பதானாலும் முதலில் ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்குவோம். டிரக் என்றால் பிறகு இறக்கிக் கொஞ்ச தூரம் உருட்டினால் சக்கரம் தன் இடத்தில் உட்கார்ந்துவிடும். ஸ்கீ உருளுமா? சிமெண்டுத் தரையில் இறக்கினால் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும், எந்தப் பக்கமும் நகராது. அதனால்தான் தூக்கியே அளந்தோம். அந்த முறையை ஏற்று, வருடக்கணக்காக எல்லா வண்டிகளுக்கும் அதையே கடைப்பிடிக்கச் சொன்னவர் சாஹேப்.

"அப்படியானால் பனியில் வைத்து அளக்க வேண்டும்" என்றார் அவர், தனக்குத்தானே சொல்வதுபோல.

பழனிக்கு வாய் சும்மா இருக்காது. "மீன் மார்க்கெட்ல கிடைக்கும் சாஹேப். எத்தனை கிலோ வேணும்?" என்றான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சாஹேப் சிரிக்கவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை வாசலில் ஒரே சத்தம். ஐஸ் ஃபாக்டரி டெம்போ ஒன்று நிற்கிறது. கோணியும் மரத்தூளும் போர்த்திய ஐஸ் பார்கள். வாசல் காவலாளிக்கு இதை எந்தக் கணக்கில் உள்ளே விடுவது என்று தெரியவில்லை. உதிரி பாகமா, உணவா? "கேன்டீனுக்கா?" என்று கேட்டிருக்கிறான். டிரைவர், "வண்டிக்காம்" என்று சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு அவனை உள்ளே விட எவனுக்கு மனசு வரும்? டெம்போவிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி ரோட்டில் ஓடியது. கடைசியில் சாஹேப் வெளியே வந்து, "கரைந்துகொண்டிருப்பது அரசாங்கச் சொத்து, தாங்கள் தயவுசெய்து வழிவிடுகிறீர்களா?" என்று கேட்டார். 'தாங்கள்' என்ற சொல்லைக் கேட்டதும் கேட் திறந்தது.

ஸ்கீக்கு அடியிலிருந்த கம்பிகளைக் கழற்றினோம். கம்பி இருந்தால் ஐஸைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். வெறும் ஸ்கீகளை ஐஸ் பார்களின் மேல் இறக்கினோம். ரப்பர் பெல்ட்டுக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகைகள் அடுக்கினோம். நம்கியால் தன் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். மே மாத வெயிலில் வேர்த்துக் கொட்டியது. "அங்க இந்தச் சட்டையோடதான் ஓட்டுவேன், அதுக்கும் எடை இருக்கு" என்றான். பின்னால் படுக்கை மாட்டும் கொக்கியில், பாரத்துக்கு மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டோம். வண்டியை அமுக்கி அமுக்கி விட்டோம். ஐஸ் மேல் தண்ணீர் படர்ந்து ஸ்கீகள் மெதுவாக வழுக்கித் தங்கள் இடத்தில் உட்கார்ந்தன.

நான் முட்டிபோட்டு அளந்தேன். நம்பிக்கை வராமல் மறுபடி அளந்தேன்.

"இன்னா ஏகா?" என்றான் பழனி.

"உள்ள வந்துக்கினு கீது" என்றேன்.

முன் நுனிகள் ஒரு விரல் கனத்துக்கு உள்பக்கம் குறுகியிருந்தன. நம்கியாலை இறங்கச் சொன்னோம், மூட்டையை எடுத்தோம், வண்டியைத் தூக்கினோம். அளவு மறுபடி கச்சிதம். ஏற்றினோம், குறுகியது. தொங்கும்போது நேராகவும், சுமையோடு உட்காரும்போது கோணலாகவும் இருந்திருக்கிறது. இது போதாதென்று, பின்னால் பாரம் இழுத்ததில் முன்பக்கம் லேசாகித் தூக்கிக்கொண்டது. பனியைப் பிடிக்க வேண்டிய ஸ்கீ பாதி பிடித்தும் பிடிக்காமலும் நின்றது. இந்த நிலையில் உறைந்துபோன தடம் ஒன்று குறுக்கே வந்தால் யார் ஓட்டினாலும் கவிழத்தான் செய்யும்.

நம்கியால் ஹேண்டிலில் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. நாங்கள் எல்லாரும் எதிர்ப்பக்கம் திரும்பி ஏதோ வேலை இருப்பதுபோல் நின்றோம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் உண்மையான வேலை. சுமையோடு ஐஸ் மேல் உட்காரவைத்தே ஹேண்டில் இணைப்புக் கம்பிகளைத் திருகி, முன் நுனிகளை மயிரிழை விரித்தோம். இரண்டு ஸ்கீகளையும் ரப்பர் வாரால் சேர்த்துக் கட்டி, மூட்டுகளில் மிச்சமிருந்த ஆட்டத்தை எடுத்துவிட்டு அளந்தோம். முன்பக்கப் பாரத்துக்கு இன்னொரு வழி செய்தோம். ரப்பர் பெல்ட்டின் முன் பகுதியை ஒரு வார் பிடித்திருக்கும். அந்த வாரை ஒரு துளை குட்டையாக்கினால், பெல்ட்டின் முன்பக்கம் மேலே இழுபட்டு, வண்டியின் எடை ஸ்கீகள் மேல் இறங்கும். ஹேண்டில் சொன்னபடி கேட்கும். நான் உற்சாகத்தில் இரண்டு துளை குட்டையாக்கப் போனேன். நம்கியால் கையைப் பிடித்தான். "ஒண்ணு போதும் உஸ்தாத். ரெண்டு வெச்சா ஏத்தத்துல பெல்ட் வெறும சுத்தும். இறங்கினா மட்டும் போதுமா, ஏறவும் வேணுமே." ஒரு துளையோடு நிறுத்தினோம். நாங்கள் முடிப்பதற்குள் ஐஸ் பாதியாகிவிட்டது. மிச்சத்தில் கேன்டீன்காரர்கள், இங்கே கலிங்கடு என்று சொல்லும் பழங்களைப் புதைத்துவைத்தார்கள். அன்று மதியம் பட்டறை முழுக்கக் குளிர்ந்த தர்பூசணி.

ஐஸ் தினமும் கிடைக்காது, கிடைத்தாலும் நிற்காது. அதனால் அடுத்த வண்டியிலிருந்து இரும்புத் தகடுகளுக்கு நடுவே கிரீஸ் தடவி, அதன் மேல் ஸ்கீயை உட்காரவைத்தோம். தகடு வழுக்கிக்கொடுக்கும், ஐஸ் செய்த வேலையை அது செய்யும். பழனிதான் முதலில், "அந்தப் பரஃபை எடுத்தா" என்று கத்தினான். பெயர் நிலைத்துவிட்டது. உன் சந்தேகம் தீர்ந்ததா கீர்த்தனா? தகட்டை மட்டும் வைத்துவிட்டு, மேலே ஆளை உட்காரவைக்காமல் அளந்துவிடாதே. ஆள் இல்லாமல் எடுக்கிற அளவு தப்பு.

ஆனால் அறிக்கை இன்னும் எழுதவில்லை. சாஹேப் அறையில் நானும் பழனியும் நின்றோம். நான்தான் மெதுவாகச் சொன்னேன். "சாஹேப், மூட்டும் புஷ்ஷும் தேஞ்சிருந்தது நிஜம்தானே? தேய்மானம்னு எழுதினா போதுமே. யாருக்கும் வம்பு இல்லை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தேய்மானத்தைத் தினமும் பார்த்துச் சொல்ல வேண்டியது யார் பொறுப்பு என்று தங்களுக்குத் தெரியுமா?"

'தங்களுக்கு' என்றதுமே நானும் பழனியும் நிமிர்ந்து நின்றோம். பதில் எனக்குத் தெரியும். தினமும் காலையில் வண்டியைச் சோதித்துச் சொல்ல வேண்டியது டிரைவர். தேய்மானம் என்று எழுதினால் பட்டறை தப்பிக்கும், நம்கியால் மாட்டுவான்.

அவர் உண்மையை எழுதினார். 'பட்டறையின் அளக்கும் முறை தவறு, அதை ஏற்றவன் நான், இதுவரை அனுப்பிய எல்லா வண்டிகளையும் திரும்பப் பார்க்க வேண்டும்' என்று. அவருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்த சமயம். மேலிடத்திலிருந்து என்னென்ன கேட்டார்கள் என்று அவர் எங்களிடம் சொன்னதில்லை. ஆனால் மேலிடம் ஒரு நிபந்தனை போட்டது தெரியும். அதே வண்டி, அதே டிரைவர், அதே சரிவில், படுக்கையில் ஆளோடு இறங்கிக் காட்ட வேண்டும். நேராக வந்தால் அறிக்கையை ஏற்பார்கள். இல்லாவிட்டால் நம்கியாலின் வண்டியோட்டம் அதோடு முடிந்தது.

இப்படித்தான் நான் பனியைப் பார்த்தேன். லே வரை விமானம். அங்கே உடம்பு பழகும் வரை நானும் சாஹேபும் படுத்துக் கிடந்தோம். பிறகு மேலே. சரோஜா வீட்டில் இருந்த கம்பளியை எல்லாம் எனக்குக் கட்டி அனுப்பியிருந்தாள். சாஹேப் அவர் மனைவி பின்னிய ஸ்வெட்டரும் பழுப்பு நிற மங்கி குல்லாவும் போட்டிருந்தார். முதல் முறை பனியில் கால் புதைந்ததும் நான் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். இதற்காகவா இத்தனை வருடம் ஸ்பேனர் பிடித்தோம் என்று ஒரு மாதிரி ஆகிவிட்டது. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சரிவின் உச்சியில் வண்டி தயாராக நின்றது. கீழே பள்ளத்தாக்கு. நடுவில் ஒரு கறுத்த பாறை. அதன் பக்கத்தில்தான் அன்றைக்குக் கவிழ்ந்தது. பழைய வண்டித் தடங்கள் உறைந்து குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அந்த இடத்து அதிகாரி, "படுக்கையில் யார்?" என்று கேட்டார்.

வழக்கம் எனக்குத் தெரியும். முறுக்கியவன் நான். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு படுக்கையை நோக்கிப் போனேன். சாஹேப் என் தோளைப் பிடித்து ஒதுக்கினார்.

"சாஹேப், நட்டை முறுக்கினது நான்."

"முறையை முறுக்கியது நான். நகரு."

கைக்குட்டையை எடுத்துப் படுக்கையின் மேல் இருந்த பனியைத் துடைத்தார். படுத்தார். நம்கியால் வார்களை எடுத்தான். மாட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டான். "சாப், வேற யாராவது... மணல் மூட்டை வெச்சுக்கலாமே" என்றான்.

"மணல் மூட்டைக்குக் கால் கிடையாது. உடைந்தால் யாருக்கும் வலிக்காது. கட்டு. குளிர்கிறது" என்றார் சாஹேப்.

வண்டி கிளம்பியது. நானும் அதிகாரியும் உச்சியில் நின்று பார்த்தோம். எஞ்சின் சத்தம் மெல்ல மெல்லச் சிறுத்தது. முதல் தடத்தைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. நான் காத்ரஜ் வளைவுகளில் செய்ததுபோல ஒவ்வொரு மூட்டாக மனதுக்குள் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

கறுத்த பாறையருகே வண்டி நின்றுவிட்டது.

"என்ன, இழுக்கிறதா?" என்றார் அதிகாரி. நம்கியால் வண்டியிலிருந்து இறங்குவது தெரிந்தது. ஸ்கீ பக்கம் போகவில்லை. பின்னால் நடந்தான். படுக்கையருகே மண்டியிட்டான். என்ன செய்கிறான் என்று தெரியவில்லை. சாஹேபுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு எழுந்தான், ஏறினான், கிளப்பினான். மிச்சமிருந்த தடங்களை எல்லாம் குறுக்கே வெட்டிக்கொண்டு, எந்தப் பக்கமும் அசையாமல், சீராக அடிவாரம் வரை போனான்.

இன்னொரு வண்டியில் எங்களை இறக்கினார்கள். அதிகாரி முதலில் நம்கியாலிடம் போனார். "நாளை காலையில் டியூட்டிக்கு வந்துவிடு" என்றார். நம்கியால் சல்யூட் அடித்தான். சாஹேப் இன்னும் வாரில் கட்டுண்டு வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார்.

நான் நம்கியாலைப் பிடித்துக்கொண்டேன். "நடுவுல எதுக்குய்யா நின்னே? எங்க உயிரே போயிடுச்சு."

"சாபோட குல்லா மேல ஏறிக் காது வெளியில தெரிஞ்சுது உஸ்தாத். இந்தக் காத்துல காது போயிடும். இழுத்துவிட்டுட்டு வந்தேன்."

"சரி, வண்டி? வண்டி எப்படி இருந்துச்சு?"

"வண்டியா?" என்று அவன் திரும்பி அதைப் பார்த்தான். அப்போதுதான் அதைப் பற்றி ஞாபகம் வந்தவன்போல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அதை நான் கவனிக்கலையே உஸ்தாத். அது பாட்டுக்கு வந்துச்சு."

படுக்கையிலிருந்து சாஹேபின் குரல் வந்தது.

"சாலேல்."